ஃபிரேசல் வெர்ப்புக்கென்றே ஒரு மாலை வகுப்பு: கிருஷ்ணகிரியில் எட்டு வாரம் படித்த அனுபவம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கடையின் மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் எட்டு வாரம் படித்து முடித்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், மாலை 6.30 முதல் 8 மணி வரை வகுப்பு. கட்டணம் 3,500 ரூபாய். ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றுத்தரும் இடங்கள் நம் பக்கத்தில் பல இருந்தாலும், ஒரு வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஃபிரேசல் வெர்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்தும் வகுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறைகளையும் எழுதப்போவதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் இதில் சேர்ந்ததற்கு அலுவலகத்தில் நேர்ந்த ஒரு தவறே காரணம். மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கிறேன். சென்ற சீசனில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சரக்கை ‘புட் ஆஃப்’ செய்திருப்பதாக எழுதியிருந்தார். விளக்கை ஆஃப் செய்வதைப் போல ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணி, அதற்காக ஒதுக்கியிருந்த தோத்தாபுரிக் கூழ் டிரம்களை வேறு ஆர்டருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். உண்மையில் அவர்கள் பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள். ரத்து செய்திருந்தால் ‘கால் ஆஃப்’ என்று எழுதியிருப்பார்கள். பத்தாம் நாள் கன்டெய்னர் ஆலை வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு அந்த வேறுபாடு தெரிந்தது.

வகுப்பை நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முதல் நாள் அரை மணி நேரம் அவர் பலகையில் ஆங்கிலமே எழுதவில்லை. ‘குழந்தையைப் பார்’ என்று எழுதி, அதன் கீழே ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்று எழுதி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். பிறகு கண்டுபிடி, கைவிடு, விட்டுக்கொடு, தள்ளிப்போடு என்று ஒவ்வொன்றாக வந்தன. கண்டுபிடிப்பவர் கையால் எதையும் பிடிப்பதில்லை, தள்ளிப்போடுபவர் எதையும் தரையில் போடுவதில்லை என்பதை நாங்களே சொன்ன பிறகுதான், அவற்றுக்கு எதிரே ‘ஃபைண்ட் அவுட்’, ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’, ‘புட் ஆஃப்’ ஆகியவற்றை எழுதினார். பார்த்துக்கொள் என்பதற்கு எதிரே ‘லுக் ஆஃப்டர்’ வந்தது. பொறுத்துக்கொள் என்பதற்கு ‘புட் அப் வித்’ என்று மூன்று சொல் சேர்ந்து வருவதைப் பார்த்தபோதும் அன்று யாரும் மிரளவில்லை. சொற்களைத் தனித்தனியே பெயர்த்தால் பொருள் கிடைக்காது என்பதை நம் மொழியை வைத்தே இவ்வளவு தெளிவாக விளக்கியவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு இதுதான் என்பேன்.

இது நமக்கு மட்டும்தான் கடினமா என்று ஒருவர் கேட்டபோது, அயல்மொழியாளருக்கு ஆங்கிலத்தில் மிகுந்த சிரமம் தருவது இந்தப் பகுதியே என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருப்பதை ஆசிரியர் எடுத்துச் சொன்னார். ஃபிரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து, 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அதைக் கையாண்ட பிறகுதான்.

மூன்றாம் வாரத்தில் நடந்த ஒரு பயிற்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒருவர் கையில் ‘டர்ன்’, இன்னொருவர் கையில் ‘ஆஃப்’ என்று அட்டைகளைக் கொடுத்து முன்னால் நிறுத்தினார். ‘தி மோட்டார்’ என்ற அட்டையை வைத்திருந்த பெண், இருவருக்கும் நடுவிலும் நிற்கலாம், ‘ஆஃப்’ என்பவருக்கு அடுத்தும் நிற்கலாம். என்னிடம் இருந்தது ‘இட்’. நான் கடைசியில் போய் நின்றதும், “நீங்க நடுவுல மட்டும்தான் நிக்கணும் சார், உங்களுக்கு வேற இடமே கிடையாது” என்றார். அடுத்து ‘லுக்’, ‘ஆஃப்டர்’ என்று இருவரை நிறுத்திக் கைகோத்துக்கொள்ளச் சொன்னார். அந்த இருவருக்கும் நடுவே ‘இட்’ உட்பட யாரும் நுழைய முடியாது. இலக்கணப் புத்தகங்களில் பிரியும் வகை, பிரியாத வகை என்று பலமுறை படித்தும் மனத்தில் தங்காத விதி, அந்தப் பத்து நிமிடத்தில் தங்கிவிட்டது.

இவ்வளவு நன்றாகச் சொல்லித்தருபவர்கள் கையில் கொடுக்கும் அச்சுக் கையேடுதான் பெரிய ஏமாற்றம். அகர வரிசையில் 200 ஃபிரேசல் வெர்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள். ‘டேக் ஆஃப்’ என்பதற்கு விமானம் கிளம்புதல் என்று மட்டும் இருக்கிறது. செருப்பைக் கழற்றுவதும் அதுதான், புதிய வியாபாரம் சூடுபிடிப்பதும் அதுதான் என்பது அதில் இல்லை. ‘மேக் அப்’ என்பதற்கு இல்லாததை இட்டுக்கட்டுதல் என்று போட்டுவிட்டு, சண்டைக்குப் பின் சமாதானமாவதை விட்டுவிட்டார்கள். சனிக்கிழமைத் தேர்வும் இந்தக் கையேட்டை ஒட்டியே நடப்பதால், வகுப்பில் புரிந்து படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. காதால் கேட்டுப் பழகுவதற்கு ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ‘செட் அப்’ வினையாக வரும்போது ‘அப்’ மேல் அழுத்தம் விழும், பெயர்ச்சொல்லாக வரும்போது ‘செட்’ மேல் விழும் என்பதை வாயால் ஒருமுறை சொன்னதோடு சரி.

வகுப்பு பெரும்பாலும் 8.20க்குத்தான் முடிகிறது. காவேரிப்பட்டணம் போகும் என்னைப் போன்றவர்களுக்கு அது சிரமம். பெண்கள் பலர் முடியும் முன்பே எழுந்து போனார்கள்.

பத்தாம் வகுப்பு அளவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிந்து, வேலையிடத்தில் மின்னஞ்சலோ தொலைபேசியோ கையாள்பவர்கள் தயங்காமல் சேரலாம். அடிப்படை வாக்கியமே அமைக்கத் தெரியாதவர்களுக்கு இப்போதைக்கு இது வேண்டாம். சேர்பவர்கள் ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டு, பலகையில் எழுதும் தமிழ் இணைகளை அன்றன்றே எழுதிக்கொள்ளுங்கள். அவை கையேட்டில் இல்லை. அடுத்த வகுப்பு ஜூன் மாதம் தொடங்குவதாக அறிவித்திருக்கிறார்கள். அப்போது மாம்பழச் சீசன் என்பதால் கூழ் ஆலைகளில் இருப்பவர்கள் யாரும் மாலையில் வெளியே வர முடியாது. ஆகஸ்டுக்கு மாற்றும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.