யாழ்ப்பாணம் நைட் பஸ்: சத்திப் பைக்கு மட்டும் ஃபுல் மார்க்ஸ்

கொழும்பு வெள்ளவத்தையில ராத்திரி ஒன்பதரைக்கு ஏறினனாங்கள். பஸ்ஸின்ட பெயர் போடேல்ல, காலி வீதியில நிண்டு நைட் பஸ் பிடிக்கிற ஆக்களுக்கு கதை விளங்கும். ஏசி வேலை செய்யுது, ஆனா சொட்டுச் சொட்டா என்ர தலையில தண்ணி, சீட் பின்சில்லுக்கு நேர மேல, சிலாபம் தாண்ட முன்னமே வயித்தப் பிரட்டத் தொடங்கிட்டுது, அதுக்குள்ள முன்சீட்டில ஒராள் மீன் ரோல்ஸ் பார்சலத் திறக்க, இன்னொராள் சித்தாலேப பாம் பூச... ஐயோ.

கண்டக்டர் நல்ல பெடியன். "சத்தி வருமெண்டா சொல்லுங்கோ அக்கா, பை கிடக்கு" எண்டான். பக்கத்தில சென்னையில இருந்து கலியாணம் கட்டி வந்த எங்கட அண்ணி, "சக்தியா? யாருக்கு சாமி வருது?" எண்டு முழிக்கிறா. எங்கட சத்திதான் அவையின்ட வாந்தி. எனக்கு சின்னனிலயே இந்த வருத்தம் இருக்கு அண்ணி எண்டன், "அதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க" எண்டு கையப் பிடிச்சு ஆறுதல் சொல்றா! நமக்கு வருத்தம் எண்டா நோய், அவவுக்கு கவலை. வள்ளுவர் "மெய்வருத்தக் கூலி" எண்டேக்க உடம்பு படுற பாட்டைத்தானே சொன்னவர், அப்ப நாங்கள் ஒண்டும் பிழையாக் கதைக்கேல்ல.

சத்தி சமஸ்கிருத 'சர்தி'யில இருந்து வந்தது, மலையாளிகளும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொல்லுவினம். அண்ணி சொல்லுற 'வாந்தி' வேற வேர், 'வம்' எண்டது. ட்ரைவர் திரும்பி சிங்களத்தில "வமனே யனவாத?" (சத்தி வருதா?) எண்டு கேட்டாரே, அந்த வமனேயும் அதே வேர், இங்கிலீஷ் வாமிட்டும் தூரத்துச் சொந்தம். அண்ணியும் ட்ரைவரும் ஒரு பக்கம், நான் மலையாளிகளோட. ஆனா எங்கட சொல்லு வயித்தோட நிக்காது, ஆரும் புளுகினாலும் "உவற்ற கதையக் கேக்க சத்தி வருது" எண்டுதானே சொல்லுறம்.

பை வந்தது, ரோஸ் கலர் சொப்பிங் பை, ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டு ரெண்டு, ஊதிப் பாத்து ஓட்டையில்ல எண்டுதான் தந்தவன். புத்தளத்தில தேவைப்பட்டது. வவுனியாவில பிளேன்டீயும் அவனே வாங்கித் தந்தான், காசு வாங்கேல்ல.

பஸ்ஸுக்கு ரெண்டு ஸ்டார், பெடியனுக்கு அஞ்சு. பின்சில்லுச் சீட்டை மட்டும் புக் பண்ணிப் போடாதேங்கோ.