4000 வாட் ‘எஸ்சிஆர்’ போர்டு: 2000 வாட்டுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்

ஹீட்டர், மோட்டார் போன்றவற்றுக்குப் போகும் பவரைக் கூட்டிக் குறைக்க ஆன்லைனில் ‘4000 வாட் எஸ்சிஆர் ரெகுலேட்டர்’ என்று விற்கிறார்களே, அந்தச் சின்ன போர்டில் பெரும்பாலும் இருப்பது பிடிஏ41-600பி டிரையாக். ஏசியின் இரண்டு அரைச்சுற்றிலும் கடத்தும் தைரிஸ்டர் வகை. கூடவே 500 கே பாட் (திருகினால் மாறும் ரெசிஸ்டர்), 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், குறிப்பிட்ட வோல்டேஜ் வந்தால் மட்டும் கடத்தும் டிபி3 டயாக். அவ்வளவுதான் சர்க்யூட்.

பாட் வழியாகக் கண்டென்சர் சார்ஜ் ஏறி சுமார் 32 வோல்ட்டைத் தொட்டதும் டயாக் கடத்தி, டிரையாக்கை ஆன் செய்யும் காலான கேட்டுக்கு ஒரு துடிப்பு போகும். பாட்டைத் திருகினால் இந்த நேரம் முன்பின் ஆகும், லோடுக்குப் போகும் பவரும் மாறும். டிரையாக்கின் உள்ளே அடுக்கடுக்கான சிலிக்கான், ஒன்றையொன்று தூண்டிவிடும் இரண்டு டிரான்சிஸ்டர் மாதிரி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கேட் சொல்வதைக் கேட்காது. கரண்ட், ஆனிலேயே நிற்கத் தேவையான குறைந்தபட்ச (ஹோல்டிங்) அளவுக்குக் கீழே இறங்கினால்தான் விடும். 50 ஹெர்ட்ஸ் லைனில் நொடிக்கு 100 தடவை கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதால் இது தானாக நடக்கிறது. டிசியில் போட்டால் ஆன் ஆனது ஆனதுதான்.

டிரையாக்கின் தாங்குதிறன் 40 ஆம்பியர். 230 வோல்ட்டில் 4000 வாட் என்பது 17.4 ஆம்பியர்தான். பிறகு ஏன் 2000 என்கிறோம்? சூடு. முழு லோடில் ஏறக்குறைய 16 வாட் வெப்பம் டிரையாக்கிலேயே பிறக்கும். கூட வரும் கையகல ஹீட்சிங்க் ஃபேன் இல்லாமல் அதைத் தாங்காது. 2000 வாட்டில் 7 வாட் சொச்சம்தான், சமாளித்துவிடும்.

ஹீட்டர், குண்டு பல்பு, பிரஷ் உள்ள டிரில்: இவற்றுக்கு அருமை. மோட்டார் என்றால் டிரையாக்கின் இரண்டு மெயின் கால்களான ஏ1-ஏ2 குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும், மெயின்ஸ் லைனுக்கான எக்ஸ்2 ரக 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரையும் சீரீஸாகப் போடுங்கள். இல்லையென்றால் வோல்டேஜ் வேகமாக ஏறும்போது கேட் சிக்னல் இல்லாமலே மறுபடி கடத்தி, கன்ட்ரோல் போய்விடும்.

600 வோல்ட் ரேட்டிங்தான் உண்மையான குறை. நியூட்ரல் அறுந்து 415 வோல்ட் வந்தால் உச்சம் 587. கொஞ்சம் ஸ்பைக் சேர்ந்தால் கதை முடிந்தது. டிரையாக் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும்; லோடு முழு வேகத்தில் ஓடும். முடிந்தால் 800 வோல்ட் ரகத்தை மாற்றிப் போடுங்கள்.

பவர் கொடுக்கும் முன் மீட்டரை எடுங்கள். ஹீட்சிங்குக்கும் மூன்று கால்களுக்கும் இடையே ஓபன் காட்ட வேண்டும். கண்டின்யூட்டி வந்தால் அது இன்சுலேட்டட் பீஸ் இல்லை, ஹீட்சிங்கைத் தொட்டால் ஷாக். திருப்பி அனுப்பிவிடுங்கள்.