ஆங்கில வாசிப்புப் பயிற்சித் தொகுப்பு: இரண்டரை ஆண்டுப் பழக்கம்

முதல் மாதத்தில் எழுதியிருந்தால் இதைப் புகழ்ந்து தள்ளியிருப்பேன். எட்டாம் மாதத்தில் எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, இரண்டு முறையும் சோம்பல் காப்பாற்றியது.

தொகுப்பின் அமைப்பு எளிது. இலக்கியம், அறிவியல், பண்பாடு என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு எண்பது உரைப்பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 சொற்கள். அடியில் நான்கு கேள்விகள், கேள்விக்கு நான்கு விடைகள். தினம் ஒன்று என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று என்று வந்து நின்றது.

எட்டாம் மாதத்தில் நான்குக்கு நான்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமிதத்தில் நீளமான ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்து நண்பரிடம் சொல்லப் போனேன். மூன்றாவது வாக்கியத்தில் வாய் அடைத்துக்கொண்டது. சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தேன். படிக்காத பத்து உரைப்பகுதிகளைத் தாளால் மூடிவிட்டு, கேள்விகளை மட்டும் பார்த்து விடை குறித்தேன். நாற்பதில் பத்தொன்பது சரி! கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே பத்து கிடைக்கும்தான். மிச்சம் ஒன்பது எங்கிருந்து வந்தது? ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று அடித்துப் பேசாத விடையையும், இருப்பதில் நீளமான விடையையும் தேர்ந்தெடுக்க என் கை பழகியிருந்தது. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வை வைத்து 1990இல் வெளியான ஓர் ஆய்விலும், உரைப்பகுதியையே பார்க்காத மாணவர்கள் குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். ஒருமுறை படிப்பது, புத்தகத்தை மூடுவது, படித்ததைத் தமிழில் நான்கைந்து வரியில் எழுதுவது. அதற்குப் பிறகே கேள்விகள். நம் உரையாசிரியர்கள் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதவுரை வேறு, மொத்தக் கருத்தைத் தரும் பொழிப்புரை வேறு என்று பிரித்து வைத்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக நான் பதவுரையோடு நின்றிருக்கிறேன். தமிழில் எங்கே பேனா தயங்குகிறதோ அங்கேதான் ஆங்கிலம் புரியவில்லை. இதைவிடத் துல்லியமாக எந்தக் கேள்வித்தாளும் எனக்குக் காட்டியதில்லை.

பேனா தயங்கிய இடங்களில் பெரும்பாலும் சொற்கள் தெரிந்தவையே. தமிழில் அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் உட்காரும். ஆங்கிலமோ பெயரைச் சொல்லிவிட்டு ‘விச்’, ‘ஹூ’ என்று வாலை நீட்டிக்கொண்டே போகும். வினை வரும்போது எழுவாய் மறந்திருக்கும். செய்யுளில் சொற்களை இடம் மாற்றிச் சேர்த்துப் பொருள் கொள்ளும் பழைய கொண்டுகூட்டுதான் கைகொடுத்தது: முதன்மை வினையைத் தேடு, எழுவாயோடு சேர், மற்றதைப் பிறகு பார். எதிர்மறையும் அப்படியே. நமக்கு அது வினையின் வாலில் இருக்கும், தவறவிட முடியாது. ‘ஹார்ட்லி’, ‘அன்லெஸ்’ போன்றவை வாக்கியத்தின் நடுவே ஒளிந்துகொள்ளும். ‘ஃப்யூ’ என்றால் அநேகமாக இல்லை. முன்னால் ஓர் ‘எ’ சேர்ந்தால் சில உண்டு. இந்த ஒற்றை எழுத்தில் நான் விழுந்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

அறிவியல் பிரிவுதான் இந்தத் தொகுப்பின் பலம். 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சை வளர்ந்த கதை ஒன்று அதில் வருகிறது. ‘கல்ச்சர்’ மாசுபட்டது என்று படித்தேன். முந்தைய நாள் பண்பாட்டுப் பிரிவில் இருந்தவன் ஆயிற்றே, எந்த நாட்டின் பண்பாடு என்று இரண்டு வரி தேடினேன். நுண்ணுயிர் வளர்ப்புக்கும் அதே சொல்தான் என்பது அகராதியில் இருந்தது. தெரிந்த சொல்லுக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்? ‘சிக்னிஃபிகன்ட்’ என்பதும் அந்த வகை. ஆய்வு முடிவைச் சொல்லும்போது அது பெரும்பாலும் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாததைக் குறிக்கும். விளைவு சின்னதாகவும் இருக்கலாம். நான் எல்லாவற்றையும் ‘முக்கியமான’ என்றே எழுதியிருந்தேன். இன்னொன்று ‘மே’. ‘குறைக்கக்கூடும்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குறைக்கிறது’ என்று எழுதிவிட்டு, நன்றாகப் புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொற்பட்டியல் நோட்டு ஒன்றும் வைத்திருந்தேன். 1,100 சொற்களோடு அது நின்றுபோனது, வருத்தமில்லை. ஓர் உரையில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டுமானால் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணித்தார். அப்போதும் 300 சொல்லில் ஆறு தெரியாமல் இருக்கும். அந்த ஆறை விட்டுவிட்டு மேலே போகப் பழகியது நோட்டைவிட உதவியது.

பண்பாட்டுப் பிரிவில் கதை வேறு. எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய ஓர் உரைப்பகுதியில் அரசு ‘ரூபிகானைக் கடந்தது’ என்று இருந்தது. அந்த நாட்டு வரைபடத்தில் ஆற்றைத் தேடினேன். கி.மு. 49இல் ரோமானியத் தளபதி சீசர் படையோடு அந்தச் சிற்றாற்றைத் தாண்டியதும் உள்நாட்டுப் போர் மூண்டது, அதனால் திரும்ப முடியாத முடிவுக்கு அது பெயராயிற்று என்பது தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள வழியே இல்லை. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய உரையை, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே தொகுப்பு வேண்டுமென்றே கலைத்துப் போட்ட வரிசையை நான் மீறினேன். ஒரே பொருளில் உள்ளவற்றைத் தேடி எடுத்துத் தொடர்ந்து படித்தேன், பின்னணியை முதலில் தமிழிலேயே வாசித்துக்கொண்டேன். ஆறாவது உரைப்பகுதி முதலாவதைவிட நாலு மடங்கு எளிதாக இருந்தது.

இலக்கியப் பிரிவு பலவீனம்தான். நாவலின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வரி அறிமுகம்கூடக் கிடையாது. கதைசொல்லியின் குரலிலேயே பாத்திரத்தின் நினைப்பு மேற்கோள் குறியின்றி வந்து கலக்கும். தமிழில் பெரும்பாலும் ஓர் ‘என்று’ நம்மை எச்சரித்துவிடும். அது இல்லாத இடத்தில் கிண்டலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஏமாந்தேன். இதற்கு 300 சொல் போதாது, முழுச் சிறுகதை வேண்டும். ‘ஆசிரியரின் மனநிலை என்ன’ என்று கேட்டு ஒரே விடையைச் சரி என்பதும் எரிச்சல். விடைப்பக்கத்தில் சரியான விடையின் எழுத்து மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை.

தேர்வுக்குப் படிப்பவர்கள் அறிவியல் பிரிவுக்காக வாங்கலாம். நான் இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறேன். பழைய பொழிப்புரைகளின் மேல் சிவப்பு மையில் திருத்துகிறேன். ஃப்ளெமிங் பக்கத்தில் ‘எந்த நாடு?’ என்று எழுதியிருந்ததை மட்டும் அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.