கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: ஒன்பது வருடம் ஆடிய பிறகு

2016-ல் தர்மபுரியில் ஒரு நண்பன் அறையில் உட்கார்ந்து இந்த கேமை இறக்கி, லேப்டாப்பில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். அப்போது எங்கள் தெருவில் நெட் அவ்வளவு மோசம். ஒன்பது வருடமாகியும் அலுக்கவில்லை. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். விடிவதற்கு முன்பே போயாக வேண்டும் என்பதால் ராத்திரி ஒரு மணி நேரம்தான் ஆட முடியும்.

தெரியாதவர்களுக்கு: ராக்கெட்டை நாமே கட்டி, நாமே ஏவி, சுற்றுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சுட்டுத்தள்ள எதிரி கிடையாது, ஈர்ப்பு விசையோடுதான் மல்லுக்கட்டு. கெர்பின் என்ற அந்தக் கோளின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே. அதனால் விநாடிக்கு 2.3 கி.மீ. வேகம் எடுத்தாலே சுற்றத் தொடங்கிவிடலாம். நம் பூமிக்கு 7.8 கி.மீ. வேண்டும்.

முதல் மூன்று மாதம் எல்லாம் வெடித்தது. கெர்பினைச் சுற்றும் ‘முன்’ (Mun) என்ற நிலவில் இறங்கப் போய், தரை நெருங்கியதும் எஞ்சினை முடுக்கலாம் என்று காத்திருந்து, ஏழெட்டு முறை நொறுங்கினேன். காற்றே இல்லாத இடத்தில் பாராசூட் எதற்கும் உதவாது. தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிறவர் மேலேயே கியரைக் குறைத்துவிடுவார், வளைவு வரட்டும் என்று இருக்கமாட்டார். அது மண்டையில் ஏறிய ராத்திரி முதல்முறையாகக் கால் ஊன்றினேன். எக்ஸ் விசையை அழுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் கை நடுங்கியது.

ஆனால் இந்த கேமின் உயிர் இரண்டு கலங்களை இணைப்பதில்தான் இருக்கிறது. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமா? அதை நோக்கி வேகமெடுக்க எஞ்சினை எரித்தால் உங்கள் பாதை உயர்ந்துவிடும், சுற்றிவர நேரம் கூடும், இன்னும் பின்தங்கிப் போவீர்கள். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் பாதை சிறிதாகி முந்த முடியும். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் போன விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்றுபோன ராக்கெட் பகுதியை நெருங்கப் பார்த்தார், எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். அவருக்கே அப்படி. நான் கற்றுக்கொள்ள நாலு மாதம் ஆனதில் வருத்தமே இல்லை.

இதனால்தான் இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் நாட்களை என்னால் மறக்க முடியாது. 2024 டிசம்பர் 30-ல் ஏவினார்கள். ஜனவரியில் இணைப்பைத் தள்ளி வைத்தபோது மண்டியில் சிலர் அவ்வளவுதான் என்றார்கள். 12-ம் தேதி மூன்று மீட்டர் வரை நெருங்கிவிட்டுத் திரும்ப விலகியதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. சந்தேகம் வந்தால் விலகி வந்து திரும்ப முயல்வதுதான் சரி, நானும் அப்படித்தான் நூறு தடவை செய்திருக்கிறேன். 16-ம் தேதி இணைந்தது. மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கத்தினேன்.

படம் பார்க்கிற கண்ணும் மாறிவிட்டது. கிராவிட்டி படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். ஹப்பிளின் பாதை 28.5 பாகை சாய்வு, நிலையத்தின் பாதை 51.6. அந்தச் சாய்வை மாற்ற எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று கேமில் ஒருமுறை செய்து பார்த்தவருக்குத் தெரியும், முதுகில் மாட்டிய உந்து பையால் நடக்காது. அந்த நிசப்தத்துக்காக இன்றும் பார்ப்பேன் என்பது வேறு. தி எக்ஸ்பேன்ஸ் என்ற விண்வெளித் தொடரின் 62 பகுதிகளையும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. பாதி வழியில் கப்பலைத் திருப்பி எஞ்சினாலேயே வேகம் குறைக்கிறார்களே, அதைக் கண்டதும் நம்மாள் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

குறைகளும் உண்டு. பாகங்கள் முந்நூறைத் தாண்டினால் என் லேப்டாப் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடும். தொடக்கப் பாடங்கள் போதாது. எனக்கு மிகவும் உறுத்துவது வேறு: எந்த நேரத்திலும் கோளோ நிலவோ சூரியனோ, ஏதோ ஒன்றின் ஈர்ப்பை மட்டும்தான் கேம் கணக்கில் எடுக்கும். அதனால் சூரியனை ஆராயும் நம் ஆதித்யா எல்1 கலம் இருப்பது போன்ற, சூரியன் பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் சமநிலைப் புள்ளியே அங்கு இல்லை. 2024 ஜனவரியில் அது போய்ச் சேர்ந்த வாரம் அப்படியே செய்து பார்க்க ஆசைப்பட்டேன், வழியில்லை. ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல் (மோட்) போட்டால் கிடைக்கும், என் லேப்டாப் தாங்காது.

புதிதாக வாங்குகிறவர்கள் இந்த முதல் கேமையே வாங்குங்கள், இரண்டாவது வேண்டாம். அறிவியல் புள்ளி சேர்க்கும் முறையில் தொடங்குங்கள், ராக்கெட் பாகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும், குழப்பம் குறையும்.

போன மாதம் தங்கை மகன் லீவுக்கு ராயக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். பத்து வயது. இரண்டு கலத்தையும் ஏவிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது திரையை முறைத்துக்கொண்டிருந்தான்.

“மாமா, முந்தணும்னா பிரேக்கு போடணுமா?”

தட்டைக் கழுவக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.