மாத்திரையா, ஈரலா, முருங்கைக்கீரையா?

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாரம் நான்கு மாலை ஓடுகிறேன். போன வருடம் மூன்றாவது கிலோமீட்டரிலேயே கால் கனக்க ஆரம்பித்தது. வெயில்தான் என்று விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் அடிமட்டத்தில் கிடந்தது. ஓடுகிறவர்களுக்கு வியர்வையில் கொஞ்சம், குடலில் கொஞ்சம், தரையில் மோதும் பாதத்தில் உடையும் சிவப்பணுக்களோடு கொஞ்சம் என்று இரும்பு போய்க்கொண்டே இருக்குமாம். பெண்களுக்கு மாதவிடாய் வேறு.

"முருங்கைக்கீரை சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்றார் அம்மா. தேக்கா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக வாங்கினேன். 100 கிராம் பச்சைக் கீரையில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பு. ஆனால் கீரை இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சை பிழிந்தால் கூடும், தே (தேநீர்) குடித்தால் குறையும். நானோ சாப்பிட்ட கையோடு தே குடிக்கிற ஆள்!

கோழி ஈரலில் அதே 100 கிராமுக்கு சுமார் 9 மில்லிகிராம். இறைச்சி இரும்பில் ஒரு பகுதி, உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் ஹீம் வடிவில் இருப்பதால் தே அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மிளகு போட்டு வறுத்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம். வாரம் ஒரு தடவை போதும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

மாத்திரைதான் பலசாலி. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. கூடவே மலச்சிக்கலும் கறுப்பு மலமும். வெறும் வயிற்றில் அதிக அளவில் போட்டால் துத்தநாகம் உள்ளே போவதையும் இது தடுக்கும். ஃபெரிட்டின் பார்க்காமல் நாமாக வாங்கிப் போடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைத் தவிர, உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. டாக்டர் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்.

நான் கோட்டை விட்டது நேரத்தில். கடுமையாக ஓடினால் கல்லீரலிலிருந்து வரும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், குடல் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். ஏழு மணிக்கு ஓடி, பத்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்! இப்போது காலையிலேயே போட்டுவிடுகிறேன்.

ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மாத்திரை, தேறியபின் ஈரல் என்பேன். சைவக்காரர்கள் கீரையை எலுமிச்சையோடு விடாமல் சாப்பிடலாம். அங்காடிக்காரர் என்னைப் பார்த்ததும் தே கலக்கப் போவார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று கையைக் காட்டிவிட்டு லைம் ஜூஸ் கேட்கிறேன்.