இஸ்தான்புல் பழைய நகரம்: குழுச் சுற்றுலாவா, தனி வழிகாட்டியா?

ஹாகியா சோபியா மசூதி, நீல மசூதி, தோப்காப்பி அரண்மனை மூன்றும் நடை தூரத்தில்தான். பேருந்துக்காகக் குழுவில் சேர வேண்டியதில்லை.

குழுவில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம்; தனியாக வருபவருக்கு மலிவு. ஆனால் பல குழுக்களைக் கம்பளக் கடைக்கு அழைத்துப்போவார்கள். நேரம் அங்கே கரைந்தால் அரண்மனையின் ஹரேம் (அரச குடும்பப் பெண்கள் வாழ்ந்த பகுதி) விடுபடும், அதுதான் பெரிய இழப்பு. கடை உண்டா, நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். 2024 முதல் ஹாகியா சோபியாவின் மேல்மாடத்துக்கு வெளிநாட்டவர் தனியே பணம் கட்ட வேண்டும்.

தனி வழிகாட்டிக்கு நாள் கணக்கில் கட்டணம். நான்கு பேர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும். முதியவர்கள் உடன் வந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் சரி. அரசு உரிம அட்டை அணிந்திருக்கிறாரா பாருங்கள்.

செவ்வாயன்று தோப்காப்பியும் ஞாயிறன்று கிராண்ட் பஜார் எனும் பெரிய சந்தையும் மூடியிருக்கும். வெள்ளி நண்பகல் தொழுகை முடியும்வரை மசூதிக்குள் பயணிகளை விடமாட்டார்கள்.