கூறைக்குக் கைத்தறியா, விசைத்தறியா?

தம்பிக்கு ஆவணியில் கலியாணம். தாலி ஏறும்போது மணமகள் உடுத்தும் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இங்கே திருகோணமலையிலேயே மத்திய வீதிக் கடைகளில் கிடைக்கும் விசைத்தறிப் பட்டா, காஞ்சிபுரத்தில் கைத்தறியாகப் பார்த்து எடுப்பதா? இதே குழப்பத்தில் நிற்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விசைத்தறியை நான் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். பாரம் குறைவு. உப்புக் காற்றும் வியர்வையுமான எங்கள் ஊரில், ஓமப் புகைக்கு முன்னால் இருக்கப்போகும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். நாங்கள் பார்த்தவற்றில் விலையும் கைத்தறியின் பாதிக்குக் கீழே. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் மணமகளே நிறம் சொல்லிவிடுகிறாள், முன்பெல்லாம் கூறையின் நிறம் அவளுக்குத் தட்டில் வந்த பிறகுதானே தெரியும்?

கைத்தறிக்குப் பலாலியில் விமானம் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து இன்னும் 75 கிலோமீற்றர் அளவில் போக வேண்டும். ஆனால் அந்தச் சேலையைப் புரட்டிப் பார்த்தால் ஏன் அந்த விலை என்று விளங்கும். கோர்வை என்பார்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கள் மூன்று ஓடி, உடல் ஒரு நிறம் கரை ஒரு நிறமாக இருந்தாலும் இழையோடு இழை பின்னிக்கொள்ளும். தனியாளால் முடியாத வேலை, பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்கமுலாம் பூசியிருக்கும், மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நாங்களும் ஏமாறப் பார்த்தோம். சில்க் மார்க் சீட்டு இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்தோம். அது பட்டு தூய பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கைத்தறியா என்பதையோ சரிகை வெள்ளியா செம்பா என்பதையோ அது சொல்லாது. கைத்தறிக்கு வேறு முத்திரை இருக்கிறது. சரிகைக்கு அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அம்மாவின் கூறை கைத்தறி. 1990 இல் இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது, சரிகையில் உள்ள வெள்ளிக்காகப் பழைய பட்டு வாங்குபவர்கள் வந்து கேட்டார்களாம். "காப்பை வித்தனான், கூறையை விக்கேல்ல" என்று அம்மா இப்போதும் சொல்லுவா. அந்தச் சேலை இன்றைக்கும் இருக்கிறது, மடிப்பில் மட்டும் இரண்டு இடத்தில் இழை விட்டிருக்கிறது.

அதனால் என் முடிவு இது: தாலி ஏறும்போது உடுத்தியிருக்கும் அந்த ஒரு சேலை கைத்தறியாக இருக்கட்டும், காசு போதாவிட்டால் கரையைச் சிறிதாக்கிச் சரிகையைக் குறைக்கலாம், தறியை மாற்ற வேண்டாம். வரவேற்புச் சேலைக்கும் மற்றவர்களுக்கு எடுப்பதற்கும் விசைத்தறி தாராளமாகப் போதும், அதை இங்கேயே எடுக்கலாம். அப்புறம், வாங்கி வந்த கூறையைப் பொலித்தீன் பையோடு அலுமாரியில் வைக்காதீர்கள். வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். உப்புக் காற்றில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும்.